வெள்ளிராவும் பிடியரிசியும்

சகோதரிகளே, "வெள்ளிராவு யாஸீன் ஓதினியா மனே?" என்று வாப்பும்மா கேட்கும்போது எந்த இரவைப் பற்றிக் கேட்கிறார் என்பது உங்கள் பிள்ளைக்கு விளங்குகிறதா? ஒரு நாளைக்குச் சோதித்துப் பாருங்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து, அன்று பின்னேரம் பொழுதுபட்டு வருகின்ற இரவு என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்லுவார்கள். வாப்பும்மா கேட்பதோ வியாழக்கிழமை மஃரிபோடு தொடங்குகின்ற இரவை.

எங்கள் மார்க்கக் கணக்கில் நாள் தொடங்குவது நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்கல்ல, பொழுதுபட்டவுடன். இரவு முந்தி, பகல் பிந்தி. அதனால்தான் ரமழான் தலைப்பிறை கண்ட அதே இரவில் தராவீஹ் தொழுகிறோம், முதல் நோன்பை மறுநாள் பிடிக்கிறோம். இதைக் கிதாபு ஓதாத எங்கள் மூத்தம்மாமார் எவரிடமும் பாடமாகக் கேட்கவில்லை. "வெள்ளிராவு", "திங்கள் ராவு" என்று பேசிப் பேசியே தெரிந்து வைத்திருந்தார்கள். பழைய கலியாணக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். "ஞாயிறு பின்னேரம் திங்கள் இரவு" என்று இரண்டு கிழமையும் போட்டிருக்கும். இப்பொழுது அச்சகத்துப் பிள்ளை அதைப் பிழை என்று நினைத்து ஒன்றை வெட்டி விடுகிறான். அப்படி வெட்டுப்பட்ட ஒரு கடிதத்தால், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கொழும்பிலிருந்து விடிய விடியப் பயணம் செய்து, கலியாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் வந்து இறங்கியது.

அது சிரித்துவிட்டுப் போகிற காரியம். சிரிக்க முடியாத காரியமும் இருக்கிறது. கணவன் மௌத்தான ஒரு சகோதரி இருக்க வேண்டிய இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். இந்த மாதம் பிறை மாதம். இங்கிலீஷ் கலண்டரில் நான்கு மாதத்தை எண்ணி அதற்கு மேல் பத்து நாளைக் கூட்டினால் மூன்று நான்கு நாள் கூடிவிடும். மௌத்தானது வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கென்றால் அது வெள்ளிக்கிழமையில் சேரும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டிலே ஒரு மூத்தம்மா இருந்தால் அவர் விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிவிடுவார். இன்று அந்தக் கணக்கைக் கேட்டு எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால், ஒரு சொல் வீட்டை விட்டுப் போகும்போது அது தனியே போவதில்லை என்பதைச் சொல்லவே இதைச் சொன்னேன்.

நேரத்தைத் தொழுகையால் சொன்ன வழக்கமும் இப்படித்தான். "அஸரோட வாறன்", "லுஹர் தொழுத கையோட வாங்க", "மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வந்துடு கிளி." மணிக்கூடு இல்லாத காலத்துப் பேச்சு என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. கொழும்பிலே பொழுதுபடுகின்ற நேரம் வருடம் முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள்ளேதான் முன்னும் பின்னும் ஆகும். ஆகவே இந்த நாட்டில் "மஃரிபுக்கு முந்தி" என்பது மணிக்கூட்டைப் போலவே உறுதியான சொல். அதற்குள் ஒரு தொழுகையின் நினைவும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "ஆறு மணிக்கு வா" என்று சொல்லும் உம்மா பிழை செய்யவில்லை. "மஃரிபுக்கு முந்தி வா" என்ற உம்மா ஒரே பேச்சில் இரண்டு வேலை செய்தார்.

நான் பிறந்தது கிழக்கில். ஓதியதும் இன்று ஓதிக் கொடுப்பதும் தெற்கில். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழுவதால், எங்கே எது தேய்கிறது என்பதைக் கொஞ்சம் கவனித்து வருகிறேன். எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் தேய்வது மார்க்கச் சொற்கள். இதிலே எங்களைப் போன்ற மௌலவிமாருக்கும் பங்குண்டு. இப்போது பிள்ளைகள் "அதான் சொல்லியாச்சு" என்கிறார்கள். எங்கள் வாப்பாமாருக்கு அது "பாங்கு". "பாங்கு" பாரசீகச் சொல், கூவி அழைக்கின்ற ஓசை என்பது அதன் பொருள். கலியாணப் பதிவைக் "காவின்" என்றார்களே, அதுவும் பாரசீகம்தான். குர்ஆன் ஓதும் பள்ளியில் லெப்பை எங்களுக்கு எழுத்துக் கூட்டித் தந்தது "அலிபு ஸபர் அ, அலிபு ஸேர் இ, அலிபு பேஷ் உ" என்று. இன்றைய மத்ரசாவில் பத்ஹா, கஸ்ரா, ளம்மா என்று அரபியிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அது சரியான முறை. ஆனால் அந்தப் பழைய ஸபரும் ஸேரும், எங்கள் முன்னோர் பாரசீகக் கடல் வழியாகவும் இந்தியக் கரைகள் வழியாகவும் யார் யாரோடெல்லாம் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தார்கள் என்பதற்கு வாயிலே இருந்த சாட்சி.

தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி, ஓதுதல் ஆகியவை நல்ல தமிழ்ச் சொற்கள். "நோன்பு" என்பதற்குள்ளே பொறுத்துக்கொள்வது என்ற பொருள் இருக்கிறது. "பள்ளி" என்று பௌத்தரும் சமணரும் தங்கள் தவ இடத்தைச் சொன்னார்கள். எங்கள் மூதாதையர் அதே சொல்லை எடுத்துத் தொழுகையிடத்துக்கு வைத்தார்கள். வைக்கும்போது அவர்களுடைய ஈமான் குறைந்து போகவில்லை. இன்று சில வீடுகளில் "நோன்பு" என்று சொல்லும் மூத்தம்மாவை, "ஸவ்ம் என்று சொல்லுங்கள்" என்று பேரப்பிள்ளை திருத்துகிறது. அரபிச் சொல்லைப் பிள்ளை தெரிந்திருப்பது சந்தோஷம். எழுபது வருடம் நோன்பு பிடித்த ஒரு மனுசியை அவருடைய சொல்லுக்காகத் திருத்துவது அதபு அல்ல. இதை என்னிடம் ஓதும் மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லி வைக்கிறேன்.

இனி உறவுச் சொற்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நட்டம் பெரிது.

கிழக்கிலே மூத்த சகோதரன் காக்கா, மூத்த சகோதரி ராத்தா. கொழும்பு, கண்டி, தெற்குப் பக்கம் நானா, தாத்தா. இந்தத் "தாத்தா" ஒரு வேடிக்கையான சொல். தமிழகத்தில் அது பாட்டனார், சிங்களத்தில் தகப்பன், எங்களுக்கு மூத்த சகோதரி. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடம் "எங்கட தாத்தா நாளைக்குப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறா" என்று ஒரு மாணவன் சொல்லி, அந்த மனிதர் திகைத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். உம்மாவின் தங்கை சாச்சி, வாப்பாவின் தம்பி சாச்சா, உம்மாவின் சகோதரன் மாமா, வாப்பாவின் சகோதரி மாமி. வாப்பும்மா வேறு, உம்மும்மா வேறு. இத்தனையும் இப்பொழுது "அங்கிள்", "ஆன்ட்டி", "கிரான்மா" என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டன. கடைக்காரரும் அங்கிள், வாப்பாவின் உடன்பிறந்த தம்பியும் அங்கிள்.

ஃபராயிழ் என்னும் வாரிசுரிமைப் பாடம் நடத்தும்போது இதன் விளைவு தெரியும். இந்த நாட்டில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைச் சட்டத்தின்படி, மரண சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து எங்கள் மார்க்க முறைப்படிதான் பிரிகிறது. அந்த முறையில் வாப்பாவின் உடன்பிறந்த சகோதரன் வாரிசு வரிசையில் நிற்கிறார். நெருங்கிய வாரிசுகளின் பங்கு போக மிஞ்சியது அவருக்கு வரலாம். உம்மாவின் சகோதரன் அந்த வரிசையில் இல்லை, தூரத்து உறவினர் வகையில் சேர்கிறார். வாப்பாவின் வாப்பா வாரிசு. உம்மாவின் வாப்பா அந்த வாரிசு வரிசையில் வருவதில்லை. நான் வகுப்பில், "ஒருவர் மௌத்தானார். ஒரு மகளும் ஒரு சாச்சாவும் ஒரு மாமாவும் இருக்கிறார்கள்" என்று கணக்கைச் சொன்னால், கிராமத்திலிருந்து வந்த பிள்ளை உடனே பங்கைப் பிரித்துவிடும். மகளுக்குப் பாதி, சாச்சாவுக்கு மிச்சம், மாமாவுக்கு இல்லை. வீட்டில் அங்கிள் என்று மட்டுமே பழகிய பிள்ளை, "சாச்சா யார், மாமா யார்?" என்பதிலேயே நின்றுவிடும். அந்தப் பிள்ளை மந்தமில்லை. அதற்கு வீட்டில் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பழைய சொல்லிலும் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. சாச்சியின் கணவனையும் நாம் சாச்சா என்றுதான் கூப்பிட்டோம், மாமியின் கணவனும் மாமாதான். வாப்பாவின் தம்பி உங்கள் மகளுக்கு மஹ்ரம். சாச்சியின் கணவர் மஹ்ரம் அல்ல. சொல் ஒன்றாக இருந்தாலும் அந்தக் காலத்துப் பெண்கள் இந்த வேற்றுமையைத் தெரிந்திருந்தார்கள், ஒருவர் முன்னே இயல்பாகவும் மற்றவர் முன்னே முட்டாக்கை இழுத்துவிட்டும் நின்றார்கள். இன்னொன்றும் பாருங்கள். சாச்சாவின் பிள்ளைகளை நானா, தாத்தா என்று உடன்பிறப்பாகவே வைத்தோம். மாமாவின் பிள்ளைகள் மச்சான், மச்சி. மார்க்கம் இரண்டு பக்கத்திலும் கலியாணத்தை அனுமதிக்கிறது. வழக்கம் ஒரு பக்கத்தை மூடி வைத்தது. இது ஹராம் ஹலால் விசயமல்ல, ஊர்ப் பழக்கம். இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு ஃபிக்ஹுக் கலையிலே ஓர் இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபின் ஐந்து பெரிய விதிகளில் ஒன்று, ஊர் வழக்கத்துக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைப் பற்றியது. மார்க்கத்தோடு மோதாத வழக்கம் எடுத்தெறியப்பட வேண்டியதல்ல.

வடக்குச் சகோதரிகளுக்கு இந்த இழப்பு வேறு மாதிரி வந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பெரும்பாலானோர் புத்தளத்துப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் பேசுவது புத்தளத்துப் பேச்சு. உம்மும்மாவின் யாழ்ப்பாணப் பேச்சைச் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்கள். காணிக்கு உறுதி இருந்தால் என்றைக்காவது திரும்பிப் போய்க் கேட்கலாம். பேச்சுக்கு உறுதி ஏது?

சின்னச் சின்ன மரியாதைப் பேச்சுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "போறன்" என்று சொல்லிக்கொண்டு எவரும் வாசற்படி தாண்டியதில்லை, "போயிட்டு வாறன்" என்பார்கள். காலையில் வந்தவரிடம் "பசியாறினீங்களா?" என்று கேட்டார்கள். இன்று அது "பிரேக்பாஸ்ட் எடுத்தாச்சா?" சோற்றுக்கு ஊற்றுவது "ஆணம்", பழைய தமிழ் அகராதியிலும் இருக்கின்ற சொல். ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பதை "தலை முழுகாம இருக்கிறா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். "விளக்க நூத்துட்டுப் படு" என்பார் எங்கள் மூத்தம்மா. நூர்த்தல் என்றால் தமிழில் அணைத்தல். அரபியிலோ நூர் என்றால் ஒளி! அரபுக் கல்லூரிக்குப் போய் முதல் வருடம் இதைக் கண்டுபிடித்து, பெரிய அறிஞனைப் போல வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப ஒளிய வெச்சிட்டுப் படு" என்றார் மூத்தம்மா, போர்வையை இழுத்துக்கொண்டே.

வீட்டுக்குள்ளே நுழைகின்ற ஒழுங்கையும் இதோடு சேர்க்க வேண்டும். வேலிக் கடப்படியிலேயே நின்று ஸலாம் சொல்லி, "வீட்டில ஆரு?" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே காலை வைப்பார்கள். ஆண்கள் இல்லாத வீடென்றால் உள்ளேயிருந்து பெண் கதவைத் தட்டி அல்லது தொண்டையைச் செருமிக் காட்டுவாள். அனுமதி கேட்டு நுழைவதைப் பற்றி ஸூரத்துந் நூரிலே வந்திருக்கும் கட்டளை எங்கள் ஊர்களில் இந்த உருவத்தில் வாழ்ந்தது. இன்று வாசலில் மணி இருக்கிறது. மணியடித்த மறுகணமே கதவுப்பிடியைத் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மௌத்து வீட்டு வழக்கம் தலைகீழாக மாறியிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். முந்தி மௌத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. அயல் வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சோறும் ஆணமும் கொண்டு வருவார்கள். இன்று காலை இந்த வீடு, பகலைக்கு அந்த வீடு என்று எவரும் எழுதி வைக்காமலே நடந்தது. ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஸுன்னத்து இது. இன்றைக்கு நிலைமை என்ன? கபனிட்ட ஜனாஸா வீட்டை விட்டு இறங்கும் முன்னே, பிரியாணிக்கு எத்தனை சஹன் என்று மௌத்தானவரின் மகனிடம் கேட்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சாப்பிட்டுக் கையைக் கழுவுகிறார்கள், துக்கத்தில் இருப்பவர்கள் பரிமாறுகிறார்கள். கடன்பட்டுப் பரிமாறிய வீடுகளையும் நான் அறிவேன். நல்லது போய் அதன் இடத்தில் கெட்டது வந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சஹன் என்றேன். கலியாணத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டது மெல்ல மெல்ல மண்டபத்து நீண்ட மேசைக்கும் கையிலேந்திய பீங்கானுக்கும் இடம் கொடுத்து வருகிறது. செம்பும் தாம்பாளமும் கொண்டு வந்து விருந்தாளியின் கையில் தண்ணீர் ஊற்றிய சிறுவர்கள் இப்போது கையில் தொலைபேசியோடு நிற்கிறார்கள். சஹனில் பணக்காரனும் கூலியாளும் தோளோடு தோள் உட்கார நேர்ந்தது. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் முழங்கால் நோகிறவர்களுக்கு மேசை சுகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், வழக்காட வரவில்லை. கிழக்கிலே மாப்பிள்ளை வரும்போது பெண்கள் போட்ட குரவை, ரமழானில் தாயிரா தட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பாவாமார் எல்லாவற்றையும் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பிடியரிசி.

இளம் சகோதரிகளுக்காக விளக்குகிறேன். சோற்றுக்கு அரிசி அளந்த பிறகு, கழுவும் முன்னே, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துக் குசினி மூலையில் இருக்கும் தனி முட்டியில் போடுவார்கள். வாயிலே பிஸ்மி. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி. கிழமைக்கு ஒரு தடவை ஒரு பெரியம்மாவோ பள்ளியிலிருந்து ஒருவரோ கடகத்தோடு வருவார். எல்லா வீட்டு அரிசியும் அந்தக் கடகத்தில் ஒன்றாகும். அது பள்ளிக்கு, ஓதுகிற பிள்ளைகளுக்கு, விதவைகளுக்குப் போகும்.

கணக்குப் பார்ப்போம். ஒரு பெண்ணின் கைப்பிடியை ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு தடவை உலை வைத்தால் நூறு கிராம், மாதத்துக்கு 3 கிலோ. ஐம்பது வீடுள்ள ஒரு தெருவில் 150 கிலோ. குறைந்தது ஐந்தாறு ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாதத்துச் சோறு. சமைத்த வீட்டில் எவருக்கும் வயிறு குறையவில்லை, எவரும் கணவனிடம் காசு கேட்கவும் இல்லை. கையில் ஒரு சதமும் வைத்திராத பெண்ணும் தினமும் ஸதகா கொடுத்தாள். இந்த வழக்கத்தின் அழகு அங்கேதான் இருக்கிறது. ஸதகா என்பது ஆண்களின் சட்டைப்பையிலிருந்து மட்டும் வருவதாக இருக்கவில்லை.

கொடுத்தது யார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. போடியார் வீட்டுப் பிடியும் அவருடைய வயலில் கூலிக்கு நாற்று நட்டவளின் பிடியும் ஒரே கடகத்தில் கலந்திருக்கும். சில வேளை, கொடுத்தவளின் வீட்டுக்கே அடுத்த மாதம் அந்தக் கடகம் திரும்பி வந்ததும் உண்டு. வெட்கப்பட ஏதுமில்லை, அவளுடைய பிடியும் அதற்குள் இருந்ததே. இன்று உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது, வாங்குகிற தாயை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தாயின் மகள் பாடசாலையில் அந்தப் படத்தைச் சக பிள்ளையின் கையில் பார்க்கிறாள். கொடுப்பவர்களின் நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. படத்தை வேண்டாம் என்கிறேன்.

2022ஆம் ஆண்டு எரிவாயுவும் எண்ணெயும் இல்லாமல் வரிசையில் நின்று, மறுபடி விறகடுப்பு மூட்டினோமே, அந்த நாட்களில் எங்கள் மஹல்லாவில் ஏழெட்டுப் பெண்கள் தாங்களாகவே பிடியரிசியைத் தொடங்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவருக்கு மட்டும்தான் பழைய முறை நினைவிருந்தது. மூன்றாவது மாதத்தில் இருபது வீட்டுக்கு மேல் சேர்ந்தது. எந்த மேடையிலும் எவரும் பேசவில்லை, எந்தச் சங்கத்தின் பெயரும் அதில் இல்லை. எரிவாயு வந்து அடுப்புகள் மாறியதும் அது நின்று போனது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது ஒரு சகோதரி, "அரிசி வாங்கிற பேக்கில இருந்து நேரா குக்கருக்குப் போகுது மௌலவி, முட்டி வைக்க இடமில்ல" என்றார். அவர் சொன்னதை நான் வேடிக்கையாக எடுக்கவில்லை. பொருள் மாறும்போது பழக்கம் நழுவிவிடும் என்பது உண்மை. ஆனால் முட்டிக்குப் பதிலாக ஒரு பழைய பால்மா டின் போதும். குக்கர் மூடிக்குப் பக்கத்தில் அதற்கு இடமிருக்கும்.

இத்தனையும் சொல்வதால், பழையது எல்லாமே நல்லது என்று இந்த மௌலவி சொல்லுகிறார் என்று எண்ண வேண்டாம். ஸபர் மாதத்தைப் பீடை மாதமென்று பயந்து, ஒடுக்கத்துப் புதன் அன்று பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடித்ததும், முஸீபத்தைக் கழுவுவதாக நினைத்துக் குளித்ததும் போனது நல்லதே. ஒரு மாதத்துக்குத் துர்ச்சகுனம் உண்டென்பதை நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். போக வேண்டியவற்றில் முதலில் போயிருக்க வேண்டியது கைக்கூலி. பாங்கு என்ற சொல்லை "அதான்" என்று திருத்திய நாங்கள், பசியாறுதலை மறந்த நாங்கள், குரவையைக் கைவிட்ட நாங்கள், மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் எண்ணிக் கொடுக்கின்ற அந்தக் காசை மட்டும் மறக்கவில்லை. பெயரை மாற்றினோம். "அன்பளிப்பு" என்றோம், "வீட்டுக்குக் கொஞ்சம் உதவி" என்றோம். மஹர் கொடுக்க வேண்டியவன் வாங்குகிறான். சொல் தேய்ந்து பொருள் தேயாமல் நிற்கின்ற ஒரே வழக்கம் இதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, உங்கள் அலமாரியைப் பற்றி ஒரு வேலை சொல்ல வேண்டும்.

பழைய வீடுகளில் மரப்பெட்டியிலோ அலமாரியின் மேல் தட்டிலோ, துணியில் சுற்றிய பழைய கிதாபுகள் இருக்கும். அரபி எழுத்து. ஆனால் ஓதிப் பார்த்தால் அரபி அல்ல, தமிழ். இதுதான் அரபுத் தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி எழுதியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் எழுதிய "மகானீ" போன்ற மஸ்அலா நூல்கள் இந்த எழுத்தில்தான் எங்கள் நாட்டு வீடுகளுக்கும் வந்தன. வெலிகமையில் 1884இல் மத்ரசதுல் பாரி தொடங்கிய காலத்தில் இதுதான் புழக்கத்திலிருந்த எழுத்து. குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடப் படியை மிதிக்காமலே இதைப் படித்துவிடலாம். சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், "எழுத வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டால், அவள் "தெரியாது" என்றுதான் சொல்லியிருப்பாள். அவளே குளிப்பு, தொழுகை, ஸகாத் மஸ்அலாக்களைப் படித்து அயற்பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன கணவனுக்கு அதே எழுத்தில் கடிதமும் எழுதினாள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, கிழக்குக் கரையில் வீடுகளோடு இப்படி எத்தனை பெட்டிகள் போயின என்பதை அல்லாஹ் அறிவான். மிஞ்சியவை கறையானுக்கும், வீடு திருத்தும்போது எங்கள் கைக்கும் போகின்றன. அரபி எழுத்து இருப்பதால் குப்பையில் போடப் பயந்து, மண்ணில் புதைக்கிறார்கள், ஆற்றில் விடுகிறார்கள். நல்ல நிய்யத்துத்தான். ஆனால் புதைக்கும் முன்னே, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அது அச்சிட்ட கிதாபா, கையெழுத்துப் பிரதியா என்று பாருங்கள். கையெழுத்து என்றால் பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். கடைசிப் பக்கத்தையும் உள்ளட்டையையும் விடாதீர்கள். பிள்ளைகள் பிறந்த நாளையும் மௌத்தானவர்களின் நாளையும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள், பிறைக் கணக்கில், இரவை முந்தி வைத்து. பக்கங்கள் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். நிழலில், காற்றுப் படும் இடத்தில், ஒரு நாள் விரித்து வைத்தால் போதும்.